நாயின் இதயத்தில் ஒரு புழு, தோட்டக்காரர் ரத்தத்தில் அதன் உறவு: யார் இந்த பேட்ரிக் மேன்சன்?

செல்ல நாய் வளர்க்கிறவர்களில் பலருக்கு இது தெரிந்த விஷயம்தான். தடுப்பூசி போடப் போகும்போது, இதயப்புழு வராமல் இருக்க மாதாமாதம் ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்வார் கால்நடை மருத்துவர். புழு என்றால் வயிற்றில்தானே இருக்கும், இதயத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்டால், கொசு கடிப்பதால் வருகிறது என்பார். கொசு கடித்தால் மலேரியா வரும், டெங்கு வரும். புழு கூடவா வரும்?

வரும். நாய்க்கும் வரும், மனுஷனுக்கும் வரும். கொசு என்கிற பூச்சி வெறும் தொல்லை மட்டுமில்லை, அது நோயைச் சுமக்கிற வண்டி என்பதை உலகத்துக்கு முதன்முதலில் காட்டியதே ஒரு புழுதான். அதைக் கண்டுபிடித்தவர் சீனாவின் ஒரு துறைமுக ஊரில், பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், சுங்கத்துறை டாக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பெயர் பேட்ரிக் மேன்சன்.

பூனை வயிற்றில் தொடங்கிய ஆர்வம்

1844 அக்டோபர் 3-ம் தேதி, ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியில் ஓல்ட்மெல்ட்ரம் என்ற சின்ன ஊரில் பிறந்தார் மேன்சன். அப்பா வங்கி மேலாளர், கொஞ்சம் நிலபுலன் உள்ள குடும்பம். பையன் படிப்பில் பெரிய சூரன் என்று சொல்ல முடியாது. துப்பாக்கியும் கையுமாகச் சுற்றுவதில்தான் ஆர்வம். சிறுவனாக இருக்கும்போதே ஒரு பூனையைச் சுட்டு, அதன் வயிற்றை அறுத்து, உள்ளே இருந்த நாடாப்புழுவை எடுத்து வைத்துப் பார்த்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் நாம் கவலைப்படுவோம். அந்தப் பிள்ளை பின்னாளில் புழுக்களாலேயே புகழ் பெற்றது.

உறவினர்களின் இரும்புத் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போனார். அங்கே முதுகெலும்புப் பிரச்சினை வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இரும்பு வேலை சரிவராது என்று ஆன பிறகு அபர்டீனில் மருத்துவம் படித்தார். 1865-ல் பட்டம், அடுத்த வருடம் எம்.டி. கொஞ்ச காலம் ஒரு மனநலக் காப்பகத்தில் வேலை. அப்புறம், அந்தக் காலத்து ஸ்காட்லாந்து இளைஞர்கள் நிறைய பேர் போலவே கப்பல் ஏறிவிட்டார்.

1866-ல் அவர் போன இடம் ஃபார்மோசா, இன்றைய தைவான். சீனச் சுங்கத்துறைக்கு மருத்துவ அலுவலர் வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதிக்க வேண்டும், மாலுமிகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், மிச்ச நேரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கும் பார்க்கலாம். 1871-ல் கடலைத் தாண்டி அமாய் நகரத்துக்கு மாறினார். இன்றைய பெயர் சியாமென். அடுத்த பன்னிரண்டு வருஷம் அங்கேதான்.

ஒரு டன் எடைச் சதை

அமாயில் மிஷன் மருத்துவமனையில் மேன்சனைத் தேடி வந்த நோயாளிகளில் நிறைய பேருக்கு யானைக்கால். கால் மட்டுமில்லை, விதைப்பையும் வீங்கிப் பெரிய மூட்டையாகத் தொங்கும். நடக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது, கல்யாணம் நடக்காது. ஒரு பெரியவர் தன் வீக்கத்தையே மேசை போலப் பயன்படுத்தி அதன்மேல் பண்டம் பரப்பி விற்றார் என்று மேன்சனின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை வரும். படிக்கும்போது ஒரு நொடி சிரிப்பு வந்து, உடனே அடங்கிவிடும்.

மேன்சன் கத்தியை எடுத்தார். மூன்று வருஷத்தில் அவர் அறுத்து எடுத்த சதையின் மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் என்று கணக்கு உண்டு. ஆபரேஷன் செய்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அடுத்த நாள் அதே வாசலில் புது நோயாளி வந்து நின்றார். இது எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், கெட்ட தண்ணீர் என்றார்கள்.

1875-ல் விடுப்பில் லண்டன் போனார். கல்யாணமும் அந்த வருடக் கடைசியில்தான் நடந்தது. நடுவில் கிடைத்த நாட்களை பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் செலவழித்தார். அங்கேதான் ஒரு முக்கியமான தகவல் சிக்கியது. கல்கத்தாவில் இருந்த டிமோத்தி லூயிஸ் என்ற ராணுவ டாக்டர் 1872-ல், மனித ரத்தத்தில் நெளியும் நுண்ணிய புழுக்களைப் பார்த்திருந்தார். மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும் அளவு. அவற்றுக்கும் யானைக்காலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தது. மேன்சன் ஒரு மைக்ரோஸ்கோப்போடு அமாய்க்குத் திரும்பினார்.

மனிதரை அறுக்க முடியாது, நாயை அறுக்கலாம்

இங்கேதான் நாய் கதைக்குள் வருகிறது.

ரத்தத்தில் இருப்பவை குஞ்சுகள் என்றால், தாய்ப்புழு எங்கே? அதைப் பார்க்கப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால் இறந்தவர் உடலை அறுப்பதைச் சீனக் குடும்பங்கள் ஏற்கவில்லை. நம் வீட்டிலும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தானே? அதனால் மேன்சன் அமாயின் தெருநாய்கள் பக்கம் திரும்பினார். அவற்றின் இதயத்தைத் திறந்தால், வலப்பக்க அறையிலும் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயிலும் வெள்ளை நூல்கண்டு போலப் புழுக்கள். பெண் புழு ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு மேலேயே இருக்கும். அதே நாயின் ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், அங்கே அதன் குஞ்சுகள்.

இந்தப் புழுவுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. 1856-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜோசஃப் லைடி விவரித்து வைத்தது. இன்று நாம் டைரோஃபைலேரியா இமிட்டிஸ் என்று சொல்லும் அதே இதயப்புழு. மேன்சன் செய்தது, அதை மனித நோயோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மனிதரில் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. நாயில் தாயும் குஞ்சும் சேர்ந்தே தெரிந்தன.

அதிலிருந்து அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு தாய்ப்புழு ஆயிரக்கணக்கில் குஞ்சு போடுகிறது. எல்லாம் அதே உடம்பில் வளர்ந்து பெரிசானால் என்ன ஆகும்? நாயும் செத்துவிடும், புழுவும் கூடவே செத்துவிடும். அப்படி நடக்கவில்லை. ஆக, குஞ்சு வளர வேண்டுமானால் அது வெளியே போயாக வேண்டும். ஆனால் ரத்தக்குழாயைத் துளைத்து வெளியேற அதனிடம் எந்தக் கருவியும் இல்லை. அப்படின்னா யாரோ வந்து எடுத்துப் போக வேண்டும். ரத்தம் குடிக்கிற ஏதோ ஒன்று. பேன், மூட்டைப்பூச்சி, அட்டை என்று ஒவ்வொன்றாக யோசித்தால், அவை உலகம் முழுக்க இருக்கின்றன. யானைக்கால் அப்படி இல்லை. வெப்பமான, ஈரமான ஊர்களில்தான் இருக்கிறது. அந்த ஊர்களில் எல்லாம் தவறாமல் இருப்பது கொசு.

நாய்ப்புழுவை எந்தப் பூச்சி கடத்துகிறது என்பதை மேன்சன் நிரூபிக்கவில்லை. நாய் அவருக்கு வழி காட்டியது. நிரூபணத்துக்கு அவர் திரும்பவும் மனிதரிடமே வந்தார்.

ஹின் லோ

மேன்சன் வீட்டுத் தோட்டக்காரர் ஹின் லோ. அவர் ரத்தத்தில் குஞ்சுகள் நிறைய இருந்தன. 1877 ஆகஸ்டில், கொசு நுழையும்படி அமைத்த ஒரு சின்ன அறையில் அவரை இரவு தூங்கச் சொன்னார் மேன்சன். விளக்கு ஏற்றிக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, கொசுக்கள் உள்ளே வந்ததும் மூடிவிடுவார்கள். காலையில் பார்த்தால் வயிறு புடைக்க ரத்தம் குடித்த கொசுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். புகையிலைப் புகை ஊதி மயங்க வைத்து, பிடித்துக் கண்ணாடிக்குள் போடுவார்கள்.

பிறகு ஒவ்வொரு நாளும் சில கொசுக்களை அறுத்துப் பார்த்தார். கொசு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். அதன் வயிற்றைப் பிரித்து, மார்புத் தசையை விலக்கி, உள்ளே ஒரு புழுவைத் தேட வேண்டும். எதிர்பார்த்தது போலக் குஞ்சுகள் கொசு வயிற்றில் செரித்து அழியவில்லை. எல்லாமே தப்பவில்லை என்றாலும், தப்பியவை வயிற்றைத் துளைத்து மார்புத் தசைக்குள் போய், நாளுக்கு நாள் தடித்து, நீண்டு, வாயும் குடலும் உருவாகி வளர்ந்தன.

மனிதருக்கு நோய் தரும் ஓர் உயிர், ரத்தம் உறிஞ்சும் பூச்சிக்குள் வளர்கிறது. இப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. 1878-ல் லண்டன் லினியன் சங்கத்தில் மேன்சனின் கட்டுரையை ஒட்டுண்ணி அறிஞர் தாமஸ் ஸ்பென்சர் கோபோல்ட் வாசித்தார். பலர் நம்பவில்லை.

ஹின் லோவைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இந்தச் சோதனையை அனுமதிக்காது. முதலாளி கேட்கும்போது தோட்டக்காரரால் முடியாது என்று சொல்ல முடியுமா? மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் அவர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகின்றன. கொசுக்கடி வாங்கியவர் அவர், பெயர் வாங்கியவர் மேன்சன்.

ராத்திரியில் மட்டும் வரும் புழு

அடுத்த ஆச்சரியம் நேரம். ஒரே நோயாளியின் ரத்தத்தைப் பகலில் எடுத்தால் ஒன்றுமே இல்லை, ராத்திரி எடுத்தால் நிறைய இருக்கிறது. மேன்சன் உதவியாளர்களை வைத்து மணிக்கணக்கு மாற்றி மாற்றி ரத்தம் எடுத்துப் பார்த்தார். சூரியன் மறைந்ததும் ஏற ஆரம்பித்து, நள்ளிரவில் உச்சம் தொட்டு, காலையில் மறைந்துவிடுகிறது. அந்த ஊர்க் கொசு கடிக்கிற நேரமும் அதேதான். பகலில் அவை எங்கே போகின்றன என்பதற்கு அவருக்கு விடை கிடைக்கப் பல வருஷம் ஆனது. லண்டனில், காலை நேரத்தில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைச் சோதித்தபோது, குஞ்சுகள் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒளிந்திருந்தது தெரிந்தது.

நம் ஊரில் யானைக்கால் கணக்கெடுப்புக்குச் சுகாதாரப் பணியாளர்கள் ஏன் ராத்திரியில் வந்து விரலில் குத்துகிறார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறீர்களா? காரணம் இதுதான். பகலில் குத்தினால் புழு தெரியாது.

இருபது வருஷம் எடுத்த தவறு

மேன்சன் சரியாகச் சொன்னது பாதிதான். கொசுவுக்குள் புழு போகிறது, வளர்கிறது. சரி, அங்கிருந்து மனிதருக்கு எப்படித் திரும்ப வருகிறது?

அவர் பிடித்து வைத்த கொசுக்கள் நாலைந்து நாளில் செத்துவிட்டன. கொசுவே ஒருமுறை ரத்தம் குடித்து, தண்ணீரில் முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். செத்த கொசுவிலிருந்து புழு தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு நோய் வருகிறது. இதுதான் அவர் சொன்னது. உண்மை என்னவென்றால், கண்ணாடிக்குள் அடைபட்ட கொசுவுக்கு யாரும் சாப்பாடு கொடுக்கவில்லை. பட்டினியில் செத்திருக்கிறது.

இது சின்னத் தவறு இல்லை. 1894-ல் மலேரியாவும் கொசுவால் பரவலாம் என்று மேன்சன் எழுதியபோது இந்தத் தண்ணீர்க் கதையும் கூடவே வந்தது. அவர் சொன்னதை நம்பி இந்தியாவுக்குத் திரும்பிய ரொனால்டு ராஸ், கொசு செத்துக் கிடந்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். அதில் உருப்படியாக எதுவும் தேறவில்லை. ஒரு மேதையின் தவறான யூகம் சீடர்களை எவ்வளவு தூரம் சுற்ற வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு வாழைப்பழம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தாமஸ் பான்கிராஃப்ட் என்ற டாக்டர், கொசுக்களுக்கு வாழைப்பழம் கொடுத்து வாரக்கணக்கில் உயிரோடு வைத்துக் காட்டினார். (அவர் அப்பா ஜோசஃப் பான்கிராஃப்ட்தான் 1876-ல் மனிதரில் தாய்ப்புழுவை முதலில் கண்டவர். யானைக்கால் புழுவின் பெயரில் உள்ள பான்கிராஃப்டி அவர்தான்.) புழு முழுசாக வளர இரண்டு வாரம் ஆகும். மேன்சனின் கொசுக்கள் அதுவரை வாழவே இல்லை. தாமஸ் பதப்படுத்தி அனுப்பிய கொசுக்களை மேன்சன் தன் இளம் சகா ஜார்ஜ் லோவிடம் கொடுத்தார். லோ அவற்றை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். 1900-ல் விடை கிடைத்தது. புழு, கொசுவின் ஊசிவாய்க்குள் வந்து தயாராக நின்றுகொண்டிருந்தது.

அதே 1900-ல் இத்தாலியில் கிராஸியும் நோயேயும் நாயின் இதயப்புழுவை வைத்து இதையே காட்டினார்கள். ஒரு வித்தியாசம்: மனிதரின் யானைக்கால் புழு கொசுவின் மார்புத் தசையில் வளர்கிறது, நாய்ப்புழு வளர்வது கொசுவின் கழிவு நீக்கும் குழாய்களில். கடைசியில் இரண்டும் வந்து நிற்கும் இடம் கொசுவின் வாய்தான். தண்ணீர்க் கதை அத்தோடு முடிந்தது.

ஹாங்காங், லண்டன், ஒரு மகன்

இடைப்பட்ட வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1883-ல் ஹாங்காங் போனார், நன்றாகச் சம்பாதித்தார். சுத்தமான பால் கிடைக்கவில்லை என்று 1886-ல் ஒரு பால் பண்ணை நிறுவனமே தொடங்கினார். 1887-ல் சீனர்களுக்கான மருத்துவக் கல்லூரி, அதன் முதல் டீன் இவர். அங்கே படித்தவர்களில் ஒருவர் சன் யாட்-சென், பின்னாளில் சீனக் குடியரசின் முதல் தலைவர். 1896-ல் லண்டனில் சீனத் தூதரகம் சன்னைக் கடத்தி அடைத்து வைத்தபோது அவரை மீட்க ஓடியவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜேம்ஸ் கான்ட்லி. கூடவே நின்றவர் மேன்சன்.

1889-ல் ஓய்வு என்று ஸ்காட்லாந்து திரும்பினார். சீன நாணயத்தின் மதிப்பு விழுந்ததில் சேமிப்பு கரைந்தது, மறுபடியும் லண்டனில் கிளினிக் திறந்தார். ஒருவகையில் அந்த நாணய வீழ்ச்சிக்கு மருத்துவ உலகம் நன்றி சொல்ல வேண்டும். ராஸைச் சந்தித்தது, வெப்பமண்டல நோய்கள் பற்றிய பாடநூல் (1898), லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி (1899) எல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தன.

மலேரியா கொசுக் கருத்தை லண்டனில் பலர் அப்போதும் நம்பவில்லை. ரோமில் மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை 1900-ல் லண்டனுக்கு வரவழைத்தார் மேன்சன். கடி வாங்க முன்வந்தவர் அவர் மகன், மருத்துவ மாணவர் பேட்ரிக் தர்பர்ன் மேன்சன். வெளிநாட்டு மலேரியா ஊரில் அப்போது அவர் இருக்கவில்லை, லண்டனில்தான் இருந்தார். காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் கிருமி தெரிந்தது, குயினைன் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். வாதம் முடிந்தது. ஹின் லோ விஷயத்தில் மேன்சனைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்: தோட்டக்காரருக்குச் செய்ததைவிட ஆபத்தான ஒன்றைத் தன் பிள்ளைக்கு அவர் செய்தார். அந்த மகன் மலேரியாவிலிருந்து பிழைத்தார். இரண்டே வருஷத்தில், 1902-ல், கிறிஸ்துமஸ் தீவில் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் துப்பாக்கி விபத்தில் இறந்துபோனார்.

அதே 1902-ல் ராஸுக்கு நோபல் கிடைத்தது. மேன்சனுக்குக் கிடைக்கவில்லை. 1903-ல் சர் பட்டம் கிடைத்தது. ராஸோடு இருந்த உறவு பிறகு கசந்து, வழக்கு வரைக்கும் போனது. கீல்வாதத்தோடு நெடுநாள் போராடிய மேன்சன் 1922 ஏப்ரல் 9-ல் லண்டனில் இறந்தார். அபர்டீனில் அடக்கம்.

இப்போது நமக்கு என்ன?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் யானைக்காலுக்கு முக்கியக் காரணமான பான்கிராஃப்டி புழு நாயிடமிருந்து வருவதில்லை. அது மனிதரிலிருந்து மனிதருக்குத்தான் போகும். தெருநாயைப் பார்த்து அந்தப் பயம் வேண்டாம்.

நாயும் மனிதரும் பகிர்ந்துகொள்பவை வேறு. இதயப்புழு உள்ள நாயைக் கடித்த கொசு நம்மையும் கடித்தால் புழு நம் உடம்புக்குள் வரலாம். பெரும்பாலும் முழுசாக வளராமல் செத்துவிடும். செத்த புழு நுரையீரலில் போய் அடைத்து, எக்ஸ்ரேயில் நாணயம் போல ஒரு வட்டமாகத் தெரியும். புற்றுநோயோ என்று பயந்து அறுவைசிகிச்சை வரை போய், வெட்டி எடுத்த பிறகுதான் புழு என்று தெரிந்தவர்கள் உண்டு. இந்தியாவில் நாய் இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களில் அதிகம்.

தெற்கே நாம் கவனிக்க வேண்டியது அதன் சொந்தக்காரப் புழு, டைரோஃபைலேரியா ரெபென்ஸ். நாயின் தோலுக்கு அடியில் வாழ்வது. மனிதருக்கு வந்தால் தோலில் ஒரு கட்டி, சில சமயம் கண்ணின் வெள்ளைப் பகுதியில் நெளியும் நூல். கேரளத்திலும் இலங்கையிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் தொடர்ந்து பதிவாகிறார்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலும் புழுவை எடுத்துவிட்டாலே தீர்ந்தது. கட்டியைக் கீறவோ பிதுக்கவோ கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். மனிதரிடமிருந்து இது இன்னொருவருக்குப் பொதுவாகப் பரவாது. ஏன்னா நம் உடம்பில் அது ரத்தத்துக்குள் குஞ்சு விடும் அளவுக்குப் போவது அபூர்வம்.

நாய்க்கு விஷயம் அவ்வளவு லேசு இல்லை. இதயப்புழு வளர்ந்து பெரிசாக ஆறேழு மாதம் ஆகும், அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். இருமல், சோர்வு, கடைசியில் இதயச் செயலிழப்பு. வளர்ந்த புழுவைக் கொல்லும் சிகிச்சையே ஆபத்தானது, செத்த புழு ரத்தக்குழாயை அடைத்துவிடும். அதனால்தான் குஞ்சாக இருக்கும்போதே கொல்லும் மாதாந்திர மாத்திரை. அதில் பெரும்பாலும் இருக்கும் ஐவர்மெக்டின் அல்லது அதன் வகை மருந்துதான் மனிதர்களின் ஃபைலேரியா ஒழிப்பிலும் பயன்படுகிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக 2015-ல் ஒமுராவும் கேம்ப்பெல்லும் நோபல் வாங்கினார்கள். மாத்திரையைத் தொடங்கும் முன் நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது அவசியம்.

மூன்றாவது வகை புரூஜியா. இதன் சில வகைகள் மனிதர், நாய், பூனை, குரங்கு என்று எல்லாரிடமும் வாழும். யானைக்காலை ஒழித்துவிட்ட நாடு என்று 2016-ல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மனிதர்களைத் தேடித் தேடி மாத்திரை கொடுத்துக் கிடைத்த வெற்றி அது. ஆனால் பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த புரூஜியா அங்கே மறுபடியும் மனிதர்களிடம் தென்பட ஆரம்பித்தது. ஆய்வாளர்கள் ஊருக்குள் போய் நாய், பூனைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் புரூஜியா குஞ்சுகள் இருந்தன.